வளர்ச்சி நிதித் திட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் உறுதி செய்வது எப்படி: புதிதாகப் பணிக்கு வருவோருக்கான வழிகாட்டி

நான் பணியாற்றிய ஒரு திட்டத்தில், கட்டி முடித்த சுகாதார நிலையம் ஒன்றைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வாசலில் சாய்தளம் இருந்தது. ஆனால் 60 செ.மீ. உயரமுள்ள வாசலுக்கு 3 மீட்டர் நீளத்தில்தான் அதைப் போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒருவரை இரண்டு பேர் சேர்ந்து தள்ளியும் நாற்காலி பாதி வழியில் நின்றுவிட்டது. அவரைத் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். ஒப்பந்தக்காரரிடம் கேட்டபோது அவர் ஒப்பந்தத்தின் அளவுப் பட்டியலை, அதாவது என்னென்ன வேலை, எவ்வளவு என்று குறிக்கும் பட்டியலை, எடுத்துக் காட்டினார். அதில் ‘சாய்தளம் – 1’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அதே திட்டத்தின் முதன்மை அறிக்கையிலோ மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தோம்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான். அரசுகளின் திட்ட மேலாண்மை அலுவலகங்களிலும் நிதி வழங்கும் வங்கிகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. அந்த எண்ணம் வரைபடத்திலும் அளவுப் பட்டியலிலும் வரவுசெலவுக் கணக்கிலும் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளிலும் ஏறாமல் போவதால்தான் தளத்தில் எதுவும் மாறுவதில்லை. ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும், எந்தக் கட்டத்தில், எந்த ஆவணத்தில், எந்தச் சொற்களை எழுத வேண்டும் என்பதைப் பற்றியதே.

எதன் பேரில் கேட்கிறோம்

உலகில் ஏறத்தாழ 130 கோடிப் பேர், அதாவது ஆறு பேரில் ஒருவர், குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுத்திறனுடன் வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சர்வதேச ஒத்துழைப்பும் வளர்ச்சித் திட்டங்களும் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கியதாகவும் அவர்கள் அணுகத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பதை அதன் 32ஆம் பிரிவு நேரடியாகவே சொல்கிறது. உலக வங்கியின் ‘சுற்றுச்சூழல், சமூகக் கட்டமைப்பு’ என்ற விதித்தொகுப்பு 2018 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அதிலுள்ள பத்துத் தரநிலைகளில் முதலாவது பாதிப்புக்கு எளிதில் ஆளாகும் குழுக்களை அடையாளம் காண்பதையும், நான்காவது புதிய கட்டடங்களில் அனைவருக்குமான அணுகலையும், பத்தாவது பங்குதாரர்களுடனான கலந்தாலோசனையையும் பற்றிப் பேசுகின்றன. ஆக, நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. கடன் வாங்குபவரும் கொடுப்பவரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை நிறைவேற்றச் சொல்கிறீர்கள். கூட்டங்களில் இந்தத் தொனியில் பேசுவதே சரி என்பது என் கருத்து.

முதற்படி: திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான வளர்ச்சி வங்கிகளில் ஒரு திட்டம் அடையாளம் காணுதல், தயாரிப்பு, மதிப்பாய்வு, பேச்சுவார்த்தையும் ஒப்புதலும், செயலாக்கம், நிறைவு என்ற வரிசையில் நகரும். தயாரிப்புக் கட்டத்தில் வரைபடத்தில் ஒரு கோட்டை மாற்றினால் போதும். அதே மாற்றத்தைச் செயலாக்கக் கட்டத்தில் கேட்டால் ஒப்பந்தத் திருத்தம், கூடுதல் நிதி, கால நீட்டிப்பு என மூன்று கோப்புகள் திறக்க வேண்டியிருக்கும். மதிப்பாய்வுக் குழு எப்போது வருகிறது, வரைவு ஆவணங்கள் எந்தத் தேதியில் பொதுமக்கள் பார்வைக்கு வெளியாகின்றன, கருத்துச் சொல்ல எத்தனை நாள் உண்டு என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். திட்டம் ஏற்கெனவே செயலாக்கத்தில் இருந்தால், நடுக்கால மறுஆய்வுதான் அடுத்த வாசல். அங்கே நிதியை மறுஒதுக்கீடு செய்யவும் இலக்குகளைத் திருத்தவும் இடம் உண்டு.

இரண்டாம் படி: எத்தனை பேர், என்ன சிரமம்

‘உங்கள் வீட்டில் மாற்றுத்திறனாளி யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டு எடுக்கும் கணக்கு ஏறக்குறைய எப்போதும் குறைவாகவே வரும். சிலர் கூச்சத்தால் மறைப்பார்கள். முதியவர்கள், ‘இது வயதான கோளாறு, ஊனமா என்ன?’ என்பார்கள். இதற்காகவே, மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக 2001இல் உருவான வாஷிங்டன் குழு என்ற சர்வதேசக் குழு ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பை வகுத்தது. பார்த்தல், கேட்டல், நடத்தல் அல்லது படியேறுதல், நினைவில் வைத்தல் அல்லது கவனம் செலுத்துதல், தன்னைத்தானே பராமரித்துக்கொள்ளுதல், பிறருடன் தொடர்புகொள்ளுதல் ஆகிய ஆறு செயல்களில் எவ்வளவு சிரமம் இருக்கிறது என்று அவை கேட்கும். சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், மிகுந்த சிரமம், செய்யவே முடியாது என்பவை பதில்கள். ஒன்றிலாவது ‘மிகுந்த சிரமம்’ அல்லது ‘செய்யவே முடியாது’ என்று சொன்னவரை மாற்றுத்திறனாளிகளின் கணக்கில் சேர்ப்பது பரிந்துரைக்கப்பட்ட முறை.

இதைப் பயன்படுத்தும்போது நேரும் தவறுகள் சிலவற்றை முன்கூட்டியே தடுத்துவிடலாம். கேள்விகளுக்கு முன்னாலோ இடையிலோ ‘ஊனம்’, ‘மாற்றுத்திறன்’ என்ற சொற்களைச் சொல்லக் கூடாது. கணக்கெடுப்பாளர் தாமாக ஒரு முன்னுரை சொல்லத் தொடங்கினால் பழைய கேள்விக்கே திரும்பிவிடுகிறோம். குடும்பத் தலைவர் எல்லோருக்காகவும் பதில் சொல்ல விடாமல், இயன்றவரை அந்தந்த நபரிடமே கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு யுனிசெஃபும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட தனித் தொகுப்பு இருக்கிறது. 2 முதல் 17 வயது வரை அதையே பயன்படுத்த வேண்டும். மனநலம் சார்ந்த சிரமங்களை இந்த ஆறு கேள்விகள் சரியாகப் பிடிப்பதில்லை என்பதையும் அறிக்கையில் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

மூன்றாம் படி: கலந்தாலோசனை

இந்தப் படியில் நேரத்தையும் பணத்தையும் தாராளமாகச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாப் படிகளிலும் நாம் செய்யும் பிழைகளை இங்கே வருபவர்கள்தான் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

ஒரு பேருந்து நிலையத் திட்டத்துக்கான கூட்டத்தில் பொறியாளர் வரைபடத்தைத் திரையில் காட்டி, இரண்டு தளங்களுக்கும் லிப்ட் வைத்திருப்பதாக மகிழ்ச்சியுடன் விளக்கினார். சக்கர நாற்காலியில் வந்திருந்த ஒரு பெண் கை தூக்கி, “சார், அந்த லிப்டின் சாவி யாரிடம் இருக்கும்?” என்று கேட்டார். அறையில் யாரிடமும் பதில் இல்லை. அவர் வழக்கமாகப் பயணிக்கும் நிலையத்தில் லிப்ட் எப்போதும் பூட்டியே கிடக்கும் என்றும், சாவி வைத்திருப்பவர் மாலை ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போய்விடுவார் என்றும் சொன்னார். அந்த ஒரு கேள்வியால், கட்டடச் செலவைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த திட்டத்தில் பராமரிப்புப் பொறுப்பு என்ற தனிப் பகுதி சேர்ந்தது. எந்த ஆலோசகரின் சரிபார்ப்புப் பட்டியலிலும் அந்தக் கேள்வி இருக்கவில்லை.

யாரை அழைப்பது என்பதில் கவனம் தேவை. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிறர் நடத்தும் அமைப்புகள் வேறு, மாற்றுத்திறனாளிகளே தலைமையேற்று நடத்தும் அமைப்புகள் வேறு. ஐ.நா. உடன்படிக்கையின் பிரிவு 4(3) கலந்தாலோசிக்கச் சொல்வது இரண்டாவது வகையினரை. உடன்படிக்கையின் நடைமுறையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2018இல் வெளியிட்ட 7ஆம் பொதுக் கருத்துரை அதை விரிவாகவே விளக்கியிருக்கிறது. அவர்களிலும் நகரத்தில் வாழும், உடல் இயக்கக் குறைபாடுள்ள, படித்த ஆண்களின் குரலே முதலில் கேட்கும். காது கேளாத பெண்கள், பார்வையும் செவித்திறனும் ஒருசேர இழந்தவர்கள், அறிவுசார் குறைபாடுள்ளவர்கள், மனநலச் சிக்கல்களுடன் வாழ்பவர்கள் ஆகியோர் தாமாக வந்துவிடமாட்டார்கள். தேடிப் போக வேண்டும், சில வேளைகளில் தனிக் கூட்டமே நடத்த வேண்டும்.

ஏற்பாடுகளைப் பொறுத்தவரை, அழைப்பிலேயே ‘உங்களுக்கு என்ன வசதி தேவை?’ என்று கேட்டுவிடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரை மட்டும் அமர்த்தி நாள் முழுவதும் நிற்க வைத்தால் அரை மணி நேரத்துக்குள் அவர் சோர்ந்து, மொழிபெயர்ப்பின் தரம் குறையும். இருவர் மாறி மாறிச் செய்வதே முறை. சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் அந்த இடத்தின் சைகை மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆவணங்களை ஒரு வாரம் முன்னதாகவே, திரைவாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்) படிக்கக்கூடிய கோப்பாக அனுப்புங்கள். கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்து அனுப்பினால் பார்வையற்றவருக்கு அது வெற்றுப் படம்தான். பயணச் செலவைத் துணைக்கு வருபவருக்கும் சேர்த்துக் கொடுங்கள். அரங்கத்தின் வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கழிப்பறைக் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கூட்டம் முடிந்தபின், சொன்னவற்றில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுத்தில் திருப்பி அனுப்புவது பலரும் விட்டுவிடும் கடமை. அதைச் செய்யாதவர்களின் அடுத்த கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை.

நான்காம் படி: துறைக்கேற்பத் தடைகளைத் தேடுதல்

போக்குவரத்தில் பயணத்தை ஒரு சங்கிலியாகப் பாருங்கள். வீட்டிலிருந்து நிறுத்தம், நிறுத்தத்திலிருந்து வண்டி, வண்டியிலிருந்து சேருமிடம் என்ற இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் தாழ்தளப் பேருந்துக்காகச் செலவிட்ட முழுத் தொகையும் அந்த மாற்றுத்திறனாளிப் பயணிக்குப் பயன்படாது. பார்வையற்றோருக்கான தொடுதரை ஓடுகளை ஜப்பானின் செயிச்சி மியாகே 1965இல் உருவாக்கினார். 1967இல் ஒகயாமா நகரில் அவை முதலில் பதிக்கப்பட்டன. நீள்கோடுகள் உள்ள ஓடு ‘இந்தத் திசையில் போ’ என்றும், புள்ளிகள் உள்ள ஓடு ‘நில், கவனி’ என்றும் பொருள்படும். இரண்டையும் அழகுக்காக மாற்றிப் பதிப்பதும், கோடுகளை நேராக ஒரு மின்கம்பத்தில் கொண்டுபோய் முடிப்பதும் ஆபத்தான பிழைகள். வண்ண ஓடு என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் எந்த வகை என்று வரைபடத்தில் குறித்தால்தான் கொத்தனாருக்குத் தெரியும்.

கல்வித் திட்டங்களில் சாய்தளத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆசிரியர் பயிற்சி, பிரெய்லி நூல்கள், எளிய மொழிப் பாடங்கள், தேர்வில் கூடுதல் நேரம், பள்ளிக்கு வந்துசேரும் வழி ஆகியவை இல்லாவிட்டால் அந்தச் சாய்தளத்தில் ஏறிவர மாணவர் இருக்கமாட்டார். 2018இல் லண்டனில் நடந்த உலகளாவிய மாற்றுத்திறனாளிகள் உச்சி மாநாட்டில், தன் நிதியில் நடக்கும் கல்வித் திட்டங்கள் அனைத்தும் 2025க்குள் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கியதாக இருக்கும் என்று உலக வங்கி உறுதியளித்தது. உங்கள் திட்டம் கல்வியைச் சேர்ந்ததாயின் அந்த உறுதிமொழியை எடுத்து முன்னால் வையுங்கள்.

உதவித்தொகைத் திட்டங்களில் தடை பெரும்பாலும் அடையாளச் சரிபார்ப்பில் ஒளிந்திருக்கும். தொழுநோயால் விரல்களை இழந்தவரிடம் விரல்ரேகை கேட்கும் கருவியும், பார்வையற்றவர் தம் ரகசிய எண்ணைப் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லித் தட்டச்செய்ய வேண்டிய தொடுதிரையும் தகுதியுள்ளவரையே வெளியே தள்ளுகின்றன. மாற்று வழி ஒன்று விதிமுறையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அதிகாரியின் இரக்கத்துக்கு அதை விட்டுவிடக் கூடாது. வங்கிகள் வழியாகக் கடன் வழங்கும் திட்டங்களில் ஐ.நா. உடன்படிக்கையின் பிரிவு 12(5)ஐ நினைவில் வையுங்கள்: வங்கிக் கடன், அடமானம் முதலியவற்றில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சம உரிமை உண்டு என்று அது சொல்கிறது. மனநலச் சிக்கலுள்ளவருக்குக் கணக்குத் திறக்க மறுக்கும் வங்கிக்குத் திட்ட நிதி போகக் கூடாது என்பதை நிபந்தனையாகவே வைக்கலாம்.

மீள்குடியமர்வு வரும் திட்டங்களை நான் எப்போதும் இருமுறை படிப்பேன். இடிக்கப்படும் வீட்டில் ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்துவைத்திருந்த கைப்பிடி, அகலமான கதவு, அவசரத்துக்கு ஓடிவரும் அண்டை வீட்டார் ஆகிய எதுவும் இழப்பீட்டுக் கணக்கில் வராது. அவற்றைக் கணக்கெடுப்புப் படிவத்திலேயே தனிக் கேள்வியாகச் சேர்த்து, தரைத்தள வீட்டில் முன்னுரிமை, உறவினர் பக்கத்திலேயே குடியமரும் உரிமை, இடம்பெயரும் நாளில் உதவி ஆகியவற்றை மீள்குடியமர்வுத் திட்டத்தில் எழுதிவிட வேண்டும். பேரிடர் எச்சரிக்கைத் திட்டங்களில், சைரன் ஒலி காது கேளாதவரை எட்டாது என்ற ஒரு வரியைச் சேர்த்தாலே ஒளி எச்சரிக்கையும் குறுஞ்செய்தியும் வடிவமைப்புக்குள் வந்துவிடும்.

ஐந்தாம் படி: வரைபடமும் அளவுப் பட்டியலும்

முதலில் சொன்ன சுகாதார நிலையத்தில் நாங்கள் தவறியது இங்கேதான். பரவலாக ஏற்கப்பட்ட சாய்வு 1:12. அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 60 செ.மீ. வாசலுக்கு 7.2 மீட்டர் வேண்டும். நடுவில் 1.5 மீட்டர் சமதள ஓய்விடமும் சேர்த்தால் 8.7 மீட்டர் ஆகிறது. இவ்வளவு நீளம் முன்வாசலில் கிடைக்காவிட்டால் சாய்தளத்தை மடக்கிப் போடலாம், அல்லது அடித்தள உயரத்தையே குறைக்கலாம். ஆனால் இந்த முடிவு அடித்தளம் தோண்டும் முன் எடுக்க வேண்டியது. ஆகவே பட்டியலில் எழுத வேண்டியது இப்படி இருக்கும்: ‘1:12க்கு மேற்படாத சாய்வில், 1.2 மீட்டர் அகலத்தில், வழுக்காத மேற்பரப்புடன், இருபுறமும் கைப்பிடியும் ஓரத் தடுப்பும் கொண்ட சாய்தளம். மேலேயும் நடுவிலும் கீழேயும் 1.5 மீட்டர் சமதளம்.’ நாட்டின் கட்டட விதிகளில் அளவுகள் இருந்தால் அவற்றையும், இல்லாவிட்டால் கட்டடங்களின் அணுகல் பற்றிய ஐஎஸ்ஓ 21542 தரத்தையும் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் குறிப்பிடுங்கள்.

கழிப்பறைக்கும் இதே கவனம் தேவை. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும், பிடிகம்பி சுவரில் உறுதியாகப் பதிய வேண்டும். பிடிகம்பி வாங்கிவிடுகிறார்கள், ஆனால் அதைத் தாங்கும் சுவரைத் திட்டமிடுவதில்லை. மென்பொருளும் இணையதளமும் வாங்கும் ஒப்பந்தங்களில், இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியின் (WCAG) எந்தப் பதிப்பு, எந்த நிலை என்று எழுதுங்கள். அந்த வழிகாட்டியின் ‘ஏஏ’ நிலைப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5:1க்குக் குறையக் கூடாது. ‘அனைவரும் அணுகத்தக்க இணையதளம்’ என்று மட்டும் எழுதினால் நீங்கள் சோதிக்க எதுவும் இல்லை.

ஆறாம் படி: பணம்

கட்டும்போதே செய்தால் அணுகல் வசதிக்கு ஆகும் கூடுதல் செலவு, கட்டியபின் உடைத்துச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்குதான். இருந்தும், பேச்சுவார்த்தையில் மொத்தச் செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டப்படுவது ‘மாற்றுத்திறனாளிகளுக்கான கூடுதல் வசதிகள்’ என்ற தனித் தலைப்புதான். அதனால் கட்டுமானம் சார்ந்தவற்றை முதன்மைப் பணிக்குள்ளேயே கலந்துவிடுங்கள். சைகை மொழிபெயர்ப்பு, துணைவர் பயணம், மாற்று வடிவ ஆவணங்கள், ஒருவர் கேட்கும்போது செய்துதர வேண்டிய தனிப்பட்ட வசதிகள் ஆகியவற்றுக்கு மட்டும் தனி வரி வையுங்கள். முதலாவதை யாரும் எளிதில் பிரித்தெடுக்க முடியாது. இரண்டாவது தனியாக இருந்தால்தான் செலவாகிறதா என்று பார்க்க முடியும்.

நன்கொடை நாடுகள் தம் உதவியைப் பதிவு செய்ய, பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் வளர்ச்சி உதவிக் குழு 2018இல் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்குவதே முதன்மை நோக்கமானால் 2, முக்கிய நோக்கங்களில் ஒன்றானால் 1, நோக்கமே இல்லையென்றால் 0. ‘1’ என்று போட்ட திட்டத்தின் வரவுசெலவில் அதற்கான ஒரு வரியும் இல்லாவிட்டால் அந்த எண்ணைத் திருத்தச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஏழாம் படி: உறுதிமொழிகளும் இலக்குகளும்

உலக வங்கித் திட்டங்களில் ‘சுற்றுச்சூழல், சமூக உறுதிமொழித் திட்டம்’ என்ற ஆவணம் கடன் ஒப்பந்தத்தின் பகுதி. அதில் ஏறிய வரிக்குச் சட்ட வலு உண்டு. ‘இயன்றவரை’, ‘தேவைக்கேற்ப’, ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொற்கள் இருந்தால் அந்த வரியால் பயனில்லை. யார், எதை, எந்தத் தேதிக்குள், எந்தப் பணத்தில் என்ற நான்குக்கும் பதில் இருக்கும்படி எழுதுங்கள். இலக்குகளில் ‘கட்டிய சாய்தளங்களின் எண்ணிக்கை’ என்று வைத்தால் எங்கள் சுகாதார நிலையமும் வெற்றிக் கணக்கில் சேர்ந்துவிடும். சேவையைப் பெற்றவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்பதைப் பாலினத்தாலும் குறைபாட்டின் வகையாலும் பிரித்துக் கேளுங்கள். இரண்டாம் படியில் எடுத்த அடிப்படைக் கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

எட்டாம் படி: தளமும் புகாரும் ஒப்படைப்பும்

கள ஆய்வுக்கு மூன்று தருணங்கள் முக்கியமானவை: தரையில் சுண்ணாம்புக் கோடு போடும் நாள், கதவு நிலை வைக்கும் நாள், ஒப்பந்தக்காரரின் இறுதிக் கட்டணப் பட்டியலுக்குக் கையெழுத்திடுவதற்கு முந்தைய நாள். மூன்று முறையும் மாற்றுத்திறனாளி அமைப்பைச் சேர்ந்தவர்கள் உடன் வரட்டும். அவர்களின் நேரத்துக்கு, மற்ற ஆலோசகர்களுக்குக் கொடுப்பதுபோல, ஊதியம் கொடுங்கள். குறைதிருத்தக் காலம் முடியும்வரை ஒப்பந்தக்காரரின் தொகையில் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டிருக்கும். எங்கள் சாய்தளத்தைத் திருத்த அந்தத் தொகையைத் தொட முடியவில்லை. பட்டியலில் அளவு இல்லாததால் அது குறையாகவே கருதப்படவில்லை. அவசரச் செலவு நிதியிலிருந்து எடுத்து, மடக்குச் சாய்தளமாக மறுபடி கட்டினோம்.

குறைதீர்ப்பு முறையைத் தொலைபேசியில் மட்டும் வைத்தால் காது கேளாதவரும், எழுத்தில் மட்டும் வைத்தால் எழுத முடியாதவரும் வெளியே நிற்பார்கள். குரல், குறுஞ்செய்தி, நேரில் வருதல், நம்பிக்கைக்குரிய ஒருவர் வழியாகச் சொல்லுதல் ஆகிய எல்லா வழிகளும் திறந்திருக்கட்டும். ஆறு மாதமாக மாற்றுத்திறனாளிகளிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை என்று அறிக்கை சொன்னால், புகார் சொல்லும் வழியை நீங்களே ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டல்ல, பார்வையற்ற ஒருவரை உடன் வைத்துக்கொண்டு சோதித்துப் பாருங்கள். திட்ட அளவில் தீராத புகார்களை உலக வங்கி 1993இல் அமைத்த ஆய்வுக் குழுவிடம் கொண்டுபோகலாம் என்பதையும் கலந்தாலோசனைக் கூட்டத்திலேயே மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஒப்படைப்பு ஆவணத்தில் லிப்ட், பிடிகம்பி, தொடுதரை, ஒலி அறிவிப்பு ஆகியவை ஒவ்வொன்றையும் எந்தப் பதவியில் இருப்பவர் பராமரிப்பார், ஆண்டுதோறும் எந்தக் கணக்கிலிருந்து பணம் வரும், பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்று எழுதுங்கள். லிப்டின் சாவி எந்த மணி முதல் எந்த மணி வரை யாரிடம் இருக்கும் என்பதற்கும் அதில் ஒரு வரி ஒதுக்குங்கள்.